மண்கட்டியும் கிளையும்

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே நிச்சயமில்லை. வருடம் ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறா, எழுபத்தேழா? கோட்டைக்குப் போன அன்று பனி பெய்ததாக நினைக்கிறேன். மழைதான் என்று என் தங்கை அலாசியா கடைசிவரை சாதித்தாள். அவள் இப்போது இல்லை. பனி என்றே எழுதிவிடலாம், மறுக்க ஆள் கிடையாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

ஒன்று மட்டும் மாறாமல் இருக்கிறது. அந்தக் கிளை கஷ்கொட்டை மரத்துடையது. அதை என் விரல்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

வால்செர்ரா பள்ளத்தாக்கை ஆண்ட மார்க்கிஸ் லான்ஃப்ராங்கோ ஆர்தெங்கி, ஜனவரிக் குளிரில் தன் கோட்டைப் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். மூன்று நாள் கிடந்து இறந்தார். தள்ளியவன் தன் ஒரே மகன் உபெர்தோ என்று கிழவரே படுக்கையில் சொன்னார். சொன்ன கையோடு மொத்த நாட்டையும் மருமகன் கொர்ராதோ மொந்தால்தியின் கையில் கொடுத்தார். மகன் கை நீட்டியதைக் கீழே நின்ற ஒரு காவல்காரனும் பார்த்திருந்தான். மகனை மேற்குக் கோபுரத்தில் அடைத்தார்கள். சனிக்கிழமை மூன்று நீதிபதிகள் உட்காருவார்கள். திங்கட்கிழமை தலை விழும். உபெர்தோவின் மனைவி சிபில்லா திருச்சபை ஆயரின் காலைப் பிடித்து அழுதாள். ஆயர், சட்டம் படித்தவன் என்று என்னை விசாரிக்க அனுப்பினார்.

கோட்டைப் பெண்கள் அந்நிய ஆணிடம் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் எங்கே விசாரணைக்குப் போனாலும் விதவையான என் தங்கை தன் கோவேறு கழுதையில் கூடவே வருவாள். பெண்களின் வாயைத் திறக்க வைப்பாள். தன் வாயை மூட மாட்டாள்.

"ஏண்ணே, இந்த ஆர்தெங்கி வீட்டுல மொத்தம் எத்தனை மார்க்கிஸ்?" என்றாள் மலைப்பாதையில்.

"ஒரு காலத்துல பொறந்த ஆம்பளை எல்லாருமே மார்க்கிஸ்தான். அவங்க லொம்பார்து சட்டக்காரங்க. அப்பன் செத்தா எல்லா மகனுக்கும் சம பங்கு, நிலத்துலயும் பட்டத்துலயும்."

"அப்ப அஞ்சு தலைமுறை போனா?"

"ஒருத்தனுக்கு அரைக் கோபுரம், ஒருத்தனுக்குப் பாலத்துல ஒரு வளைவு, இன்னொருத்தனுக்குப் படிக்கட்டு."

"படிக்கட்டு கிடைச்சவன் பாவம். ஏறலாம், இறங்கலாம், கால நீட்ட இடமில்ல."

"லான்ஃப்ராங்கோ அதையெல்லாம் திரும்ப ஒண்ணா சேர்த்தார். ஆயுசு முழுக்க அது ஒண்ணுதான் வேலை. சித்தப்பன், பெரியப்பன் மகனுங்ககிட்ட கொஞ்சத்தை வாங்கினார், கொஞ்சத்தைப் பிடுங்கினார். கடைசியில பள்ளத்தாக்கு முழுசா ஒரே கையில வந்துச்சு."

"உபெர்தோவுக்கு எத்தனை பசங்க?"

"நாலு. நாலும் ஆண்."

அலாசியா கழுதையை நிறுத்தியே விட்டாள். "மறுபடியும் நாலு துண்டா? கிழவர் வயித்தெரிச்சல்லயே போயிருப்பாரே. அவரைத் தள்ள வேற வேணுமா?"

நான் சிரிக்கவில்லை. பின்னால் அந்த வாக்கியத்தைப் பலமுறை நினைத்துக்கொண்டேன். அவள் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிற இடத்துக்கு நான் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேர்வேன்.

கொர்ராதோ எங்களை வாசலிலேயே வரவேற்றான். நாற்பது வயதுக்காரன், நன்றாக வளர்க்கப்பட்டவன், குரல் உயர்த்தாதவன். கிழவரின் மகளைக் கட்டி, அவளை இரண்டு வருடம் முன்பு பிரசவத்தில் பறிகொடுத்தவன். அவன் வீட்டார் வேறு வழக்கக்காரர்கள். மொந்தால்தி வீட்டில் மூத்தவனுக்கே எல்லாம், இளையவன்கள் மடத்துக்கோ போருக்கோ போகவேண்டியதுதான்.

"நீங்க பார்க்கணும்னா எல்லாத்தையும் பார்க்கலாம் ஐயா" என்றான். "எங்கிட்ட ஒளிக்க ஒண்ணுமில்ல."

"அப்படிச் சொல்றவங்க வீட்டுல பூட்டு நிறைய இருக்கும்" என்றாள் அலாசியா என் காதில்.

சிற்றாலயத்தில், பீடத்தின் இடப்பக்கம், விரித்த துணியில் நான்கு பொருள்கள் இருந்தன. உறையில்லாத ஒரு கத்தி. கிழவரின் இடக்கைக் கையுறை. உள்ளங்கை அளவு ஒரு மண்கட்டி. ஒரு மரக்கிளை. எங்கள் பக்கத்தில் நிலம் கைமாறுவது இப்படித்தான். கத்தியும் கையுறையும் அதிகாரத்துக்கு அடையாளம். கொடுப்பவன் அந்த மண்ணின் கட்டியையும் அந்த மண்ணில் வளர்ந்த மரத்தின் கிளையையும் சாட்சிகள் முன்னால் வாங்குபவன் கையில் வைக்கவேண்டும். வைத்தது வைத்ததுதான். பீடத்தருகே தொன் அமிக்கோ நின்றார், கோட்டைப் பாதிரியார். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"நீங்க கண்ணால பார்த்தீங்களா, சாமி?"

"பார்த்தேன். நற்கருணை வாங்கின பிறகு அவரே எடுத்துக் குடுத்தார். கை நடுங்கல."

"மகன் தள்ளினதா அவர் வாயாலயே சொன்னாரா?"

"சொன்னார்." பாதிரியார் தரையைப் பார்த்தார். "சாகப்போறவர் பொய் சொல்ல மாட்டார்."

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், இந்த வழக்கே அதில்தான் தொங்கியது. லொம்பார்து தகப்பன் குற்றமில்லாத மகன் உயிரோடிருக்கும்போது நிலத்தை வெளியாளுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் செல்லாது. ஒரே விலக்கு, மகன் தகப்பன்மேல் கை ஓங்கியிருக்க வேண்டும். ஆக, படிக்கட்டில் நடந்தது கொலை என்றால் கொடை செல்லும். கொலை இல்லை என்றால் இந்த மண்கட்டி வெறும் மண்.

அலாசியா மண்டியிட்டு, துணிமேல் தலை படும்படி குனிந்து வேண்டிக்கொண்டாள். அவள் அவ்வளவு பக்தியானவள் இல்லை. வெளியே வந்ததும் முக்காட்டைத் தடவினாள்.

"அண்ணே, தலையில என்னமோ ஒட்டிக்கிச்சு, எடு. கம்பளிப்பூச்சியா?"

"செத்ததுதான்."

எடுத்தேன். பூச்சி இல்லை. பழுப்பு நிறத்தில், விரல் நீளத்தில், தொட்டால் பொடிகிற ஒரு சரம். அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அவள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"பேசேன்! நீ இப்படி நின்னா எனக்கு உன்னைப் புதைக்கணும்னு தோணுது."

"இது கஷ்கொட்டைப் பூ."

"அதுக்கு?"

"கஷ்கொட்டை எப்பப் பூக்கும்?"

எங்கள் மலையில் இதைக் குழந்தைகூடச் சொல்லும். அருளப்பர் திருநாளை ஒட்டி, ஜூன் கடைசியில், காடு முழுக்க இந்த மஞ்சள் சரங்கள் தொங்கும். பிறகு உதிரும், முள் கூடு வரும், காய் விழும், குளிருக்குள் மரம் மொட்டையாகிவிடும். பூவோடு வெட்டிய கிளையில்தான் பூ அப்படியே காய்ந்து நிற்கும்.

"அப்ப சாவுப் படுக்கையில குடுத்த கிளை..."

"போன ஜூன்ல வெட்டினது."

"இந்த வீட்டுல எல்லாம் நடக்கும் போல" என்றாள் அவள். "மாமனார் மருமகனுக்குத் தாராளமா குடுக்குறார், மரம் பனியில பூக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஜூன்ல உபெர்தோ யார் மேலயும் கை ஓங்கலயே."

"ஓங்கல. அதனால அப்பக் குடுத்தது செல்லாது. செல்லாத கிளையை வெச்சிருந்து, கிழவர் விழுந்ததும் படுக்கையில குடுத்ததா ஒரு கதை கட்டியிருக்காங்க. சாவுப் படுக்கைக் கொடை பொய்னா, சாவுப் படுக்கைக் குற்றச்சாட்டும் பொய்."

அன்று எனக்குள் ஏதோ இலேசானது. இத்தனை வருடத் தொழிலில் அப்படி இலேசானது குறைவு. அதனால்தான் அந்த உணர்வைச் சந்தேகிக்கத் தவறினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மதியம் அலாசியா சமையலறைக்குப் போனாள். நான் குதிரை லாயத்தில் காத்திருந்தேன். திரும்பியபோது அவள் கையில் ஒரு கிண்ணம் கஷ்கொட்டை மாவுக் கூழ், மேலே பன்றிக் கொழுப்பு மிதந்தது.

"சாப்பிடு. ரிகெல்தான்னு ஒரு சமையக்காரி, நாப்பது வருஷமா இங்கதான் கிண்டுறா. கூழையும், கதையையும்."

"என்ன சொன்னா?"

அலாசியா முதுகை வளைத்துக்கொண்டு ரிகெல்தாவாகவே மாறினாள். "'எங்க பெரியவர் படியில இறங்குறப்ப பின்னால ஒரு ஈ கூட வரக் கூடாதும்மா. வேலைக்காரன், பாதிரியார், பெத்த மகன், யாரா இருந்தாலும் முன்னாடி போயிடணும். அவர்தான் கடைசி.'"

"ஏன்?"

"'அந்தப் படியிலதான் அவர் பெரியப்பா மகன் குலியெல்மோ விழுந்து செத்தார்மா. அப்ப அவர் பின்னால யார் வந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.'" அலாசியா நிமிர்ந்தாள். "சொல்ல மாட்டேன்னு சொல்லியே சொல்லிட்டா. குலியெல்மோ பங்கு கிழவருக்கு வந்துச்சு. அன்னியிலிருந்து தன் பின்னால யாரையும் விட்டதில்ல."

"ஆனா விழுந்த அன்னிக்கு உபெர்தோ பின்னாலதானே இருந்தான்?"

"அதான் விஷயம். கிழவரே கூப்பிட்டாராம். மேல இருந்து சத்தமா, சமையல்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. 'உபெர்தோ, நீ என் பின்னால வா.' ரிகெல்தா கரண்டியைக் கீழ போட்டுட்டாளாம். முப்பது வருஷத்துல முதல் தடவை."

நான் கூழைக் கீழே வைத்தேன். "மகனை நம்பியிருக்கார்."

"நம்பினவரை அந்த மகன் தள்ளுவானா? பார்த்தா எலிக்குக்கூட வழிவிடுறவனாம். ஒருதரம் வேட்டையில பிடிச்ச முயலைத் திருப்பி விட்டுட்டு அப்பன்கிட்ட உதை வாங்கினானாம்."

இரண்டு சான்றுகள். இரண்டும் ஒரே திசையைக் காட்டின. அப்படித்தான் நினைத்தோம்.

மேற்குக் கோபுரத்தில் உபெர்தோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மெலிந்தவன். குளிருக்குக் கைகளை அக்குளில் வைத்திருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து அலாசியாவுக்குத் தன் முக்காலியைக் கொடுத்தான்.

"பிரபு, ஒரு நல்ல சேதி" என்றேன். கிளையைப் பற்றிச் சொன்னேன். பூவைக் காட்டினேன். அவன் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான்.

"இதை வெட்டினது நான்தான்" என்றான்.

அலாசியா முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"அருளப்பர் திருநாளுக்கு முதல் நாள். வாசல்ல கிளை கட்டுவோம் இல்லையா. 'நல்லாப் பூத்ததா பார்த்து ஒண்ணு வெட்டுடா'ன்னார் அப்பா. நான் ஏறினேன். அவர் கீழ நின்னு ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டார். அப்புறம் என் தோளைத் தட்டினார்." தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அவர் தட்டிக் குடுத்தது எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. அடிக்கடி நடக்கிறதில்ல."

"வாசல்ல கட்டினாரா?"

"இல்ல. எங்க போச்சுன்னு நான் கேட்கல."

"இதை சனிக்கிழமை சபையில சொல்வீங்களா?"

"கிளை வெட்டினதைச் சொல்றேன்."

"படியில என்ன நடந்துச்சு?"

அவன் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் மௌனத்துக்குப் பழகியவன். மௌனங்களை வகை பிரிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தவன். இது பயந்தவனின் மௌனம் என்று முடிவு செய்தேன்.

"அப்பா விழுந்தார்" என்றான்.

"நீங்க தொட்டீங்களா?"

"இல்ல."

"அவ்வளவு போதும்" என்றேன்.

கீழே இறங்கும்போது படிச்சுவரில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். தடித்த கயிறு. வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் படிகளில் அதை விட்டால் யாரும் விழுவார்கள்.

"அந்த ஆளு ஒவ்வொரு வார்த்தைக்கும் சுங்கம் கட்டுறான் போலிருக்கு" என்றாள் அலாசியா பின்னாலிருந்து. "அண்ணே, நான் உன் பின்னால வரேன், பயமா இல்லையா?"

"நீ என் பங்குக்கு ஆசைப்பட மாட்டே."

"உன் பங்கு என்ன, ஒரு ஓட்டை அங்கியும் தலைவலியும்தானே."

சனிக்கிழமை பெரிய கூடத்தில் ஊரே நின்றது. மூன்று நீதிபதிகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணப்பு அருகே உட்கார்ந்திருந்தார்கள். தலைமை நீதிபதி கொட்டாவி விடும் கிழவர், ஆனால் கண் மட்டும் தூங்காது. உபெர்தோவை நடுவில் நிறுத்தினார்கள். மாடத்தில் சிபில்லா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நாலு பையன்களும் அங்கே இல்லை.

நான் கிளையைக் கொண்டுவரச் சொன்னேன். பூச்சரங்களைக் காட்டினேன். எப்போது பூக்கும் என்று கூட்டத்தைக் கேட்டேன். "அருளப்பர் திருநாள்!" என்று பின்வரிசையிலிருந்து குரல்கள் வந்தன. உபெர்தோ, தானே வெட்டியதாகச் சொன்னான். கூட்டம் சலசலத்தது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆக, ஜனவரியில் சாவுப் படுக்கையில் இந்தக் கொடை நடக்கவே இல்லை" என்று முடித்தேன். "ஜூன் மாதத்துக் கிளையை வைத்துக்கொண்டு யாரோ ஒரு சாவுப் படுக்கையை இட்டுக்கட்டியிருக்கிறார்கள்."

கொர்ராதோவைப் பார்த்தேன். அவன் முகம் வெளுக்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

தொன் அமிக்கோ முன்னால் வந்தார். "ஐயா, கிளை பழசுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"அவர் கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருந்துச்சு. அதுலயிருந்து அவரேதான் எடுத்தார். மண்கட்டியையும், கிளையையும். துணியில சுத்தி வெச்சிருந்தார். எனக்கும் அதிசயமாத்தான் இருந்துச்சு, ஏன் இது இப்படிக் காய்ஞ்சிருக்குன்னு. ஆனா குடுத்தது உண்மை. நான் மட்டுமில்ல, இன்னும் நாலு பேர் பார்த்தாங்க. நற்கருணைமேல ஆணையா."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும்.

தலைமை நீதிபதி கம்பளியைச் சரிசெய்தார். "சட்டத்துல கிளைன்னு இருக்கு. பச்சைக் கிளைன்னு இல்ல." கூடத்தில் யாரோ சிரித்தார்கள். "வேற ஏதாவது இருக்கா ஐயா?"

நான் அந்தக் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கணப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அலாசியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தமுறை கிள்ளவில்லை.

ஜூனில் வெட்டிய கிளையைக் கட்டிலுக்கு அடியில் ஏன் வைத்திருந்தார்? மகன் குற்றமற்றவனாக இருக்கும்வரை அது செல்லாது என்று அவருக்குத் தெரியும். சட்டம் அவருக்கு அத்துப்படி. ஆயுசு முழுக்க அதை வைத்துத்தானே மற்றவர்களின் நிலத்தைச் சேர்த்தார். ஆக, அது செல்லும் நாள் ஒன்று வரும் என்று அவருக்கு ஜூனிலேயே தெரிந்திருக்கிறது. முயலைத் திருப்பி விடுகிறவன் என்றாவது ஒரு நாள் தன்மேல் கை ஓங்குவான் என்று எப்படித் தெரியும்?

தெரியாது. அதை ஏற்பாடு செய்யத்தான் முடியும்.

முப்பது வருடம் யாரையும் பின்னால் விடாதவர் அன்றைக்கு மகனைப் பின்னால் வரச் சொன்னார். சமையலறை வரை கேட்கும்படி சொன்னார். நாங்கள் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டது சாட்சிகளுக்காகப் போட்ட சத்தம்.

"ஐயா" என்றேன் நீதிபதியிடம். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மார்க்கிஸை யாரும் தள்ளவில்லை. அவரே விழுந்தார். மகன்மேல் பழி விழும்படி விழுந்தார். தனக்குப் பிறகு நாடு நாலு துண்டாகக் கூடாது, மூத்தவனுக்கே எல்லாம் போகிற ஒரு வீட்டுக்குப் போகட்டும் என்று."

மாடத்தில் சிபில்லா ஒரு சத்தம் எழுப்பினாள், அழுகையா வேறெதுவா தெரியவில்லை.

தலைமை நீதிபதி நீண்ட நேரம் என்னைப் பார்த்தார். அவர் நம்பினார் என்றே இன்றும் நினைக்கிறேன். "அந்தப் படியில ரெண்டு பேர்தான் இருந்தாங்க" என்றார். "ஒருத்தர் செத்துட்டார், அவர் சொன்னது நம்மகிட்ட இருக்கு. இன்னொருத்தர் இங்க நிக்கிறார்." உபெர்தோ பக்கம் திரும்பினார். "பிரபு, இவர் சொல்றது உண்மையா? உங்க அப்பா தானே விழுந்தாரா? ஒரு வார்த்தை ஆணையிட்டுச் சொல்லுங்க. சொன்னா இந்தக் கிளையை இந்தக் கணப்புலயே போட்டுடறேன்."

உபெர்தோ மாடத்தைப் பார்த்தான். பிறகு கொர்ராதோவை. கடைசியாகத் தன் கைகளை.

"அவர் பின்னால நான்தான் இருந்தேன்" என்றான். "வேற எதுவும் சொல்றதுக்கில்ல."

நீதிபதி இரண்டாம் முறையும் கேட்டார். அவன் அதையே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும், எங்களை அவனிடம் விட்டார்கள். அலாசியா முக்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றாள்.

"ஏன் பிரபு?" என்றேன்.

"நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு நான் நினைக்கல" என்றான். "வெளியாள் யாருக்கும் தெரியாமலே போயிடும்னு இருந்தேன்."

"நடந்ததைச் சொல்லுங்க."

"வளைவுல திரும்பி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்ல. அன்னிக்கு மரத்தடியில பார்த்த மாதிரியே பார்த்தார். அப்புறம் கயித்தை விட்டுட்டார்." அவன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "நான் பிடிக்கத்தான் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துத்தான் கீழ இருந்த காவல்காரன் நிமிர்ந்து பார்த்தான்."

"கொர்ராதோவுக்குத் தெரியுமா?"

"தெரியும், அவனே இங்க வந்து சொன்னான். ஜூன்லயே அப்பா அவனுக்குக் குடுக்கப் பார்த்தாராம். மகன் இருக்கும்போது செல்லாதுன்னு அவன் மறுத்துட்டானாம். 'செல்ல வைக்கிறேன்'னாராம் அப்பா. வயித்துக்குள்ள ஒரு கட்டி இருந்துச்சு அவருக்கு, குளிரைத் தாண்ட மாட்டார்னு வைத்தியன் சொல்லியிருந்தான். எப்படியும் சாகத்தான் போறார். அதை வீணாக்க அவருக்கு மனசு வரல."

"நேத்து நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளியில வந்திருக்கலாம்!"

"வந்திருக்கலாம். என் நாலு பசங்களும் எங்க இருக்காங்கன்னு தெரியுமா ஐயா?" அவன் ஜன்னலைக் காட்டினான். எதிரே நடுக்கோட்டை நின்றது, அதன் வாசலில் மொந்தால்தி ஆட்கள். "கோட்டை அவன் கையில. கொடை செல்லாமப் போனா அந்த நாலு பேரும் வாரிசு. கொடை நின்னா வெறும் பசங்க. வெறும் பசங்களை அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். வார்த்தை குடுத்திருக்கான். கெட்டவன் இல்ல அவன்."

"நல்லவனும் இல்ல" என்றாள் அலாசியா.

"இல்லதான் அக்கா."

"பிரபு, உங்க அப்பா உங்களை வித்துட்டார். அது உண்மைன்னு யாருமே தெரிஞ்சுக்காம நீங்க சாகப் போறீங்க. எனக்குப் பொறுக்கல."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான் என்று நினைக்கிறேன். இதுவும் எனக்கு நிச்சயமில்லை. "நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டீங்களே" என்றான். "எங்க அப்பா காலத்துல எதுவுமே ரெண்டு பேர் கைக்குப் போனதில்ல."

திரும்பி வந்த வழியில் அலாசியா ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் வந்தபோது மட்டும் கழுதையை நிறுத்தி, என்னை முன்னால் போகச் சொன்னாள்.

உபெர்தோ திங்கட்கிழமை வெட்டுப்பட்டான். அவன் தகப்பனைச் சிற்றாலயத்தில் பீடத்துக்கு வலப்பக்கம் புதைத்திருந்தார்கள். அவனைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். கொர்ராதோ வார்த்தையைக் காப்பாற்றினான். நாலு பையன்களில் இருவர் மடத்துக்குப் போனார்கள், ஒருவன் காய்ச்சலில் போனான், கடைசிப் பையன் கோவேறு கழுதை வளர்த்துப் பிழைத்தான். தன்னை ஆர்தெங்கி என்று அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சிபில்லா அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயே செத்தாள். தொன் அமிக்கோ அடுத்த வசந்தத்தில் பாதிரியார் வேலையை விட்டு மலைக்கு மேலே தனியாகப் போய்விட்டார். ரிகெல்தா கடைசிவரை கூழ் கிண்டினாள். கொர்ராதோவின் மூத்த மகன் வால்செர்ராவைத் துண்டாகாமல் பத்து வருடம் ஆண்டான். அவனுக்குப் பிள்ளை இல்லை. கடற்கரை நகரத்து வணிகர்களுக்கு அதை முழுசாக விற்றுவிட்டான். அவர்கள் கஷ்கொட்டைக் காட்டை வெட்டிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிளை சிற்றாலயத்தில் கொஞ்ச காலம் கிடந்ததாம். பிறகு யாரோ பெருக்கித் தள்ளிவிட்டார்கள். அலாசியா போன குளிரில் இறந்தாள். நான் இருக்கிறேன்.